வானொலியோடு சண்டை பிடித்த இராசமலர்

உருத்திரபுரத்தில், எட்டாம் வாய்க்கால் பக்கத்தில், மாலைச் செய்தி தொடங்கிவிட்டதா என்று அறிய யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. ஏரம்புவின் வீட்டிலிருந்து அவருடைய மனைவி இராசமலரின் குரல் எழும்பினால் செய்தி தொடங்கிவிட்டது. குரல் ஓய்ந்தால் செய்தி முடிந்துவிட்டது. இடையில் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்தே, கொழும்பில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொண்டார்கள்.

"தம்பி, கொஞ்சம் நில். உந்தக் கதையைத் திருப்பிச் சொல் பாப்பம்" என்பாள் அவள், பெட்டியைப் பார்த்து.

செய்தி வாசிப்பவர் நிற்கமாட்டார். அமைச்சர் ஒருவர் திறந்துவைத்த பாலத்திலிருந்து இன்னொரு அமைச்சர் புறப்பட்டுப்போன வெளிநாட்டுக்கு, அதே இழுவையில், அதே இனிமையில் போய்விடுவார். அவர்மேல் இராசமலருக்குக் கோபம் கிடையாது. எழுதிக் கொடுத்ததைத்தானே வாசிக்கிறார், பாவம். குரலை வைத்து, தன்னிலும் இளையவராய்த்தான் இருப்பார் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதனால்தான் தம்பி.

இராசமலர் வடமராட்சிப் பக்கத்தில் பிறந்தவள். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, அவள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக்கொண்டே போனவள் கொஞ்சக் காலத்தில் இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். "ஐயா, இவர் போன கிழமை வேறை மாதிரியெல்லோ சொன்னவர்?" தகப்பன் சிரிப்பார். பெண்பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று தாய்தான் முறைப்பாள்.

கலியாணம் முடித்துச் சில வருடங்களில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு ஏரம்பு விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு மறி ஆடு, கைக்குழந்தை இரஞ்சிதம். இவ்வளவோடு வந்து இறங்கினார்கள். முதல் இரண்டு வருடமும் யானையும் காய்ச்சலும்தான். பிறகு காடு வயலாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வீட்டைச் சுற்றித் தென்னையும் மாவும் எழும்பின. ஊரில் குத்தகைக் காணியில் கிடந்து உழைத்தவர்களுக்குச் சொந்த வரம்பில் நடப்பது பெரிய காரியம். காலையில் எழும்பி வாசலில் நின்று, பனிக்குள் வயல் பச்சையாய் விரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது இராசமலருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வாழ்க்கையோடு அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நாட்டோடுதான்.

ஒரு வருடம் மாரிக்காலப் பெரும்போக நெல் நன்றாய் விளைந்தது. அந்தச் சந்தோசத்தில் ஏரம்பு கிளிநொச்சிக்குப் போய் ஒரு பற்றறி வானொலிப் பெட்டியை வாங்கி வந்தார். நாதஸ்வரக் கச்சேரி கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேப்பமரத்துக்கும் கூரைக்கும் இடையில் ஏரியல் கம்பி கட்டி, பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்து, முறுக்கிப் பாட்டு வரப்பண்ணினார். இராசமலர் குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இதிலை செய்தியும் வருமோ?"

"வரும்."

அத்தோடு நாதஸ்வரம் போயிற்று. பற்றறி கெதியாய் இறங்கிவிடும் என்று அவள் பாட்டைக் குறைத்து, செய்திக்காகச் சேமித்தாள். ஏரம்பு சண்டைக்குப் போகவில்லை. அவர் அதிகம் கதைக்காத மனுசன். கதைத்தாலும் ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்.

செய்தி கேட்கக் கேட்க இராசமலருக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததையும், அதற்குப் பரிகாரமாய் ஓர் ஒப்பந்தம் வந்ததையும், அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதையும் அவள் பேப்பரில் வாசித்திருந்தாள். இப்போது அதெல்லாம் குரலாய் வீட்டுக்குள்ளேயே வந்தது. தங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாத நாட்களில் கோபம் வந்தது. சொன்ன நாட்களில், இது எங்களைப் பற்றித்தானா என்று சந்தேகம் வரும்படி சொன்னதால் இன்னும் கோபம் வந்தது.

அறுபத்தொன்றில் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, அயல்வீட்டுக் கமலாசனியையும் கூட்டிக்கொண்டு ரெயிலேறி யாழ்ப்பாணம் போனாள். அரசாங்கக் காரியாலயமான கச்சேரியின் வாசலில் பெண்களோடு பெண்ணாய்ப் பகல் முழுக்க வெயிலில் இருந்தாள். தொண்டை வறண்டு, முகம் கறுத்து வீடு திரும்பி, சேலையைக்கூட மாற்றாமல் பெட்டியைப் போட்டாள். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் யானை பார்த்த கதை நீளமாய் வந்தது. யாழ்ப்பாணத்துக் கதை இரண்டு வசனத்தில் முடிந்தது.

"நாங்கள் அவ்வளவு சனமும் ரெண்டு வசனமோ?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. பெட்டியை மூடிவிட்டுப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினாள். அடுத்த நாள் மாலை திரும்பவும் போட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான், அறுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில், இமயமலை எல்லையில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் சண்டை மூண்டது.

இராசமலர் இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் சிதம்பரமும் மதுரையும் இருக்கிற நாடு. தகப்பன் ஒருதரம் படகேறிப் போய்க் கும்பிட்டு வந்த நாடு. அங்கே சனம் சாகிறது என்றதும் அவள் ஒரு செய்தியையும் தவறவிடவில்லை. இலங்கை என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தாள். இலங்கை நடுநிலை என்று செய்தியில் வந்தது. இரண்டு நாடும் எமது நண்பர்கள்.

"நடுநிலை எண்டால் என்னப்பா?" என்று ஏரம்புவிடம் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்தது.

ஏரம்பு மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார். "வரம்பிலை நிக்கிறது" என்றார். "ரெண்டு பக்கமும் சிநேகிதன்ரை வயல் எண்டால் வரம்பிலைதானே நிக்கோணும்."

"ஒருத்தன் மற்றவன்ரை வயலுக்கை இறங்கி வரம்பை வெட்டேக்கையும், அதிலை நிண்டு வெத்திலை போடுறதோ?"

ஏரம்பு ஆப்பை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தக் கிழமை அரசாங்கப் பங்கீட்டுக் கூப்பன் அரிசி எடுக்க இராசமலர் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனாள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வயல் செய்கிற கமக்காரன் வீட்டிலும் நெல் அடியில் போய்விடும். அடுத்த அறுவடை வரைக்கும் பெரும்பாலும் கூப்பன் அரிசிதான். அது பர்மாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருவது எல்லோருக்கும் தெரியும். ரப்பரைக் கொடுத்துச் சீனாவிலிருந்து அரிசி வாங்குவது பழைய ஏற்பாடு.

"தவராசாண்ணை, இது எந்த நாட்டு அரிசி?" என்று சங்கக்கடை மனேச்சரிடம் கேட்டாள்.

தவராசா சாக்கைப் பார்த்தார். சாக்கில் பூச்சி பூச்சியாய் ஏதோ எழுதியிருந்தது. "எனக்கு உந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, பிள்ளை. ஆனால் சீனாவாத்தான் இருக்கோணும்."

"அப்ப வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"சீனாக்காரன்ரை அரிசி எங்கடை வீட்டுக்கு வேண்டாம். அவன் அங்கை சனத்தைச் சுடுறான். நான் இஞ்சை அவன்ரை அரிசியைச் சமைக்கிறதோ?"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தவராசா தலையைச் சொறிந்தார். "பிள்ளை, அரிசி ஆரையும் சுடேல்லையே" என்றார் மெதுவாய். இராசமலர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று தொடக்கம் அந்த வீட்டில் சோறு நின்றது. காலையில் குரக்கன் மாவில் பிட்டு. மத்தியானம் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். பொழுதுபட்டால் குரக்கன் கூழ், அல்லது கிழங்கின் மிச்சம். முதல் கிழமை மகள் இரஞ்சிதம் இதைப் பகிடியாய் எடுத்தாள். இரண்டாம் கிழமை முகத்தைத் தூக்கினாள். "அம்மா, இந்தியாவிலை எல்லாரும் சோறுதானே சாப்பிடினம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, தாயின் பார்வையைக் கண்டு கிழங்கைக் கையிலெடுத்தாள்.

ஏரம்பு கிழங்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்னெப்போதும் இல்லாதபடி அவருக்குக் கிளிநொச்சியில் அடிக்கடி வேலை வந்தது. ஒருநாள் மண்வெட்டி வாங்க, ஒருநாள் மாட்டு மருந்துக்கு. மத்தியானம் கழித்துத் திரும்பி வருவார், பசியில்லை என்பார். ஒரு பின்னேரம் அவர் சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு வந்தபோது, இராசமலர் அவரைக் கடந்து போனவள் நின்று, மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். சாப்பாட்டுக்கடை மீன்குழம்பின் வாசம்.

"என்ன, சீனாவோடை உறவு எப்பிடிப் போகுது?" என்றாள்.

ஏரம்பு திருதிருவென்று முழித்தார். பிறகு இருவருக்கும் ஒரேயடியாய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து அவள் கிழங்கைத்தான் வைத்தாள். அவரும் அதைச் சாப்பிட்டார். பிடிவாதம் பிடிவாதம்தான்.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் மீராசாகிபு அந்த நாட்களில் ஒருதரம் வந்தார். புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்குப் பஸ்ஸில் வந்து, அங்கே தெரிந்த கடையில் விட்டிருக்கும் சைக்கிளில் கூடையைக் கட்டி, ஊர் ஊராய்ப் போய் விற்பார். எட்டாம் வாய்க்காலுக்கு வந்தால் இராசமலரோடு ஒரு பாட்டம் நாட்டு நிலவரம் கதைக்காமல் போகமாட்டார். எகிப்துக்காரர் சூயஸ் கால்வாயைத் தங்கள் கையில் எடுத்த காலம் தொடக்கம் அவருக்கும் வெளிநாட்டுச் செய்தியில் ருசி.

"நானா, கேட்டனீங்களோ அநியாயத்தை?" என்று தொடங்கினாள் இராசமலர். அண்ணன் முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மூச்சு விடாமல் சொன்னாள். சண்டை, எல்லை, நடுநிலை, ரப்பர், அரிசி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாய் வந்து விழுந்தன.

மீராசாகிபு தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் மட்டும் பொறுமையாய்க் கேட்டார். "தங்கச்சி, நீங்க சோறு தின்னாமல் கிடக்கிறது இந்தியாக்காரனுக்குத் தெரியுமோ?"

"அவைக்குத் தெரியத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்றார். கோப்பையைக் கீழே வைத்தவர், சொல்லலாமோ என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்டு. நான் ரெண்டு நாளாய்ப் பேப்பரும் காணேல்ல, செய்தியும் கேக்கேல்ல. என்ன நடந்தது எண்டு உங்களிட்டைக் கேப்பம் எண்டு வந்தன். இப்ப சண்டை நிண்டுட்டுதோ, நிக்கேல்லையோ?"

இராசமலர் வாயைத் திறந்தாள். சண்டையை நிறுத்துவதாகச் சீனா அறிவித்த செய்தி முந்தினநாள் வந்திருந்தது. அதைக் கேட்டதுமே அவள் கத்தத் தொடங்கிவிட்டதில், பின்னால் வந்த வசனங்கள் அவள் காதில் ஏறவில்லை. எங்கே நிறுத்தினார்கள், பின்வாங்குகிறார்களா இல்லையா, ஒன்றும் திடமாய்ச் சொல்ல முடியவில்லை.

"றேடியோக்காரன் சொன்னதையும் நீங்க சொல்றதையும் ஒண்டாய்க் குழைச்சுப்போட்டீங்க, தங்கச்சி" என்று மீராசாகிபு சிரித்தார். "எது கருவாடு, எது உப்பு எண்டு தெரியேல்ல." அரை றாத்தல் நெத்தலியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அது அவளைச் சுட்டது. தகப்பனுக்கு வாசித்த காலத்தில் ஒரு சொல் தவறவிட்டதில்லை. முழுவதும் வாசித்துவிட்டுத்தானே கேள்வி கேட்டாள்? அன்று மாலை கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் இருந்தாள். செய்தி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்தபிறகு எழும்பி நின்று, கேட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். அன்றைக்கு அவள் குரல் பிந்தி எழும்பியதில், செய்தி நேரம் மாறிவிட்டதோ என்று கமலாசனி வீட்டில் குழம்பிப்போனார்கள்.

மார்கழி பிறக்குமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது பிறகு விடாமல் பெய்தது. வாய்க்கால் நிரம்பி வயல் எது, வழி எது என்று தெரியாமல் போயிற்று. பள்ளக்காணிகளில் குடியிருந்தவர்கள் பாயும் பானையுமாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிளிநொச்சிக்குப் போகிற வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. கையில் இருந்த சாப்பாடு ஒரு நாளோடு முடிந்தது.

கிராம அதிகாரியான விதானையார் சொல்லி, தவராசா சங்கக்கடையைத் திறந்து மூட்டைகளை வண்டிலில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய சமையல் கிடாரங்கள் சிவன் கோயிலிலிருந்து வந்தன. இத்தனை பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கக் கூடியவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் அன்னதானத்துக்கு அளந்து போடுகிறவள் இராசமலர்தான். ஆனால் மூட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அதே பூச்சி எழுத்து. தவராசா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன பாக்கிறியள்?" என்றாள் இராசமலர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி. "பிள்ளையள் பசியிலை அழுதுகள். விறகு நனைஞ்சிருக்கும், சிரட்டை இருந்தால் கொண்டாங்கோ. கமலாசனி, நீ தண்ணியை வை."

சமைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிழங்கைத் தின்றுகொண்டு ஒரு மூலையில் இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டுக்குக் குழை போட வீட்டுக்குப் போனாள். மேட்டில் இருந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. காலைச் செய்தியைப் போட்டாள். பற்றறி இறங்கிக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. காதைப் பெட்டியோடு வைத்து, கடைசிச் சொல்லுவரை கேட்டாள். பிறகு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, அடுப்பை மூட்டினாள்.

உலை கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் வீரகத்தி ஓடிவந்தார். பத்தாம் வாய்க்கால் பக்கத்துக் கமக்காரர், நல்ல மனுசன், ஆனால் எதையும் ஓடிவந்துதான் சொல்வார். முழங்காலுக்கு மேலே சேறு.

"குளம் உடைச்சுட்டுது! குளம் உடைச்சுட்டுது! றேடியோவிலை சொன்னவங்களாம்! ஸ்ரேசனடித் தேத்தண்ணிக் கடையிலை கேட்ட பொடியன் ஒருத்தன் வெள்ளத்துக்கு அங்காலை நிண்டு கத்திச் சொன்னவன்!"

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை மறந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உடைத்த வருடம் அது. கமலாசனி வீட்டு மாடுகள் கட்டையோடு இழுபட்டுப் போனதும் அப்போதுதான். இரணைமடு உடைத்தால் பள்ளிக்கூடம் என்ன, கோயில் என்ன?  எல்லோரும் ஒன்றாய்ச் சத்தம் போட்டார்கள். பிள்ளைகளை இழுத்தார்கள். பாயைச் சுருட்டினார்கள். வீதியால் பரந்தன் பக்கம் போய்விடலாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மதகைக் கடக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் தண்ணீரில் இறங்கவும் ஆயத்தமானார்கள்.

இராசமலர் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். "நில்லுங்கோ! ஒருத்தரும் இறங்கவேண்டாம்! றேடியோவிலை அப்பிடிச் சொல்லேல்லை!"

"நீ கேட்டனீயோ?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கேட்டனான். இப்பதான் கேட்டிட்டு வாறன். குளம் ஒண்டு உடைச்சது உண்மை. ஆனால் அது எங்கடை குளமில்லை. அநுராதபுரப் பக்கத்திலை ஒரு சின்னக்குளம். 'சிறிய குளமொன்றின் கட்டு உடைந்துள்ளது, உயிர்ச்சேதம் இல்லை' எண்டுதான் சொன்னவர். பேந்து, 'வடக்கிலே பெரிய குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன' எண்டார். திறந்திருக்கு எண்டுதான் சொன்னவர். உடைச்சது எண்டு சொல்லேல்லை."

வீரகத்திக்கு மூச்சு இன்னும் திரும்பவில்லை. அதற்குள் கூட்டத்தில் நின்ற ஒருத்தி கேட்டுவிட்டாள். "ஏன் அக்கா, றேடியோ முழுப் பொய் எண்டு ஒவ்வொரு நாளும் கத்துறது நீங்கள்தானே? இண்டைக்கு மட்டும் அவன் சொல்றது உண்மையோ?"

இராசமலருக்கு முகம் சிவந்தது. எத்தனை வருடமாய்த் திட்டின பெட்டி! அதற்காகத் தானே எழும்பி நின்று வாதாட வேண்டி வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"கத்துறனான்தான்" என்றாள். "நாளைக்கும் கத்துவன். அவன் சொல்லாமல் விடுறதுக்குக் கத்துறன், பூசி மெழுகிறதுக்குக் கத்துறன். ஆனால் அவன் சொல்லாததைச் சொன்னவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். இண்டைக்கு அவன் சொன்னது இதுதான். என்ரை பிள்ளையும் இஞ்சைதான் நிக்குது. குளம் உடைச்சிருந்தால் நான் உலை வைச்சுக்கொண்டு நிப்பனோ?"

அப்போதும் சனம் தயங்கியது. அந்த நேரத்தில்தான் ஏரம்பு கதைத்தார். வண்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர், குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"நான் அவளோடை குடும்பம் நடத்துறன். றேடியோவுக்காக அவள் பரிஞ்சு கதைச்சதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். அவளே அவன் பக்கம் நிக்கிறாள் எண்டால், அது உண்மையாத்தான் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு இறுக்கம் தளர்ந்தது. தண்ணீருக்குள் கால் வைத்திருந்தவர் காலை எடுத்தார். கமலாசனி சுருட்டிய பாயைத் திரும்ப விரித்தாள். வீரகத்தி மட்டும், "நான் கேட்டதைத்தானே சொன்னனான்" என்று முணுமுணுத்துக்கொண்டு, அடுப்படியில் போய்க் குந்திக் குளிர் காய்ந்தார். இராசமலர் அவருக்கு முதல் கோப்பைத் தேத்தண்ணியைக் கொடுத்தாள்.

மத்தியானம் ஆவதற்குமுன் குளத்தில் வேலை செய்கிற ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். வான்கதவுகள் திறந்தபடி, கட்டு உறுதியாய் நிற்கிறது, பயப்படவேண்டாம் என்று விதானையாருக்குச் சேதி. கூடவே இன்னொன்றும் சொன்னார்: வீதி மதகை விடியற்காலையிலேயே தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வைத்தால் ஆளை இழுத்துவிடும். கயிற்றைப் பிடித்துக் கடக்கலாம் என்று சொன்ன ஆள் போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

எல்லோருக்கும் பரிமாறி முடிந்தபோதுதான் இராசமலருக்குப் பசி தெரிந்தது.  கிழங்கு முடிந்துவிட்டது. கிடாரத்தின் அடியில் சோறு இருந்தது. ஒரு வாழையிலைத் துண்டில் போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டு ஏரம்புவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். முதல் கவளத்தை மெதுவாய் மென்றாள். சோறு சோறாய்த்தான் இருந்தது. பசிக்கு நன்றாகவே இருந்தது.

"என்ன சிரிக்கிறியள்?"

"நான் எங்கை சிரிச்சனான்?" என்றார் ஏரம்பு.

"வாய் சிரிக்கேல்லை. கண் சிரிக்குது. சொல்லி வைக்கிறன், சீனாக்காரனோடை எனக்குக் கோவம் இன்னும் தீரேல்லை."

"ஓம், ஓம். அவையளுக்கு அறிவிச்சு விடுறன்."

வெள்ளம் வடிந்தது. பள்ளக்காணியில் சிலருக்குப் பயிர் அழுகிப்போயிற்று. அவர்களுக்கு அயலவர்கள் நாற்றுக் கொடுத்தார்கள். ஆள் ஒன்றும் போகவில்லை. அந்தக் கிழமை கொழும்பில் ஆறு நாட்டு ஆட்கள் கூடிச் சீன-இந்தியப் பிரச்சினையைப் பேசியது செய்தியில் நீளமாய் வந்தது. வடக்கில் "சில இடங்களில்" வெள்ளம் என்பதும் நடுவே ஒரு வசனமாய் வந்து போயிற்று.

"சில இடமோ!" என்று இராசமலர் கையிலிருந்த துணியை உதறினாள். "மதகே போயிட்டுது, உனக்குச் சில இடமோ, தம்பி?"

ஆனால் அன்று அவள் தனியே இருக்கவில்லை. கமலாசனி வந்திருந்தாள், வீரகத்தி வந்திருந்தார், வேலிக்கு வெளியிலும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவள் திட்டத் திட்ட அவர்கள் சிரித்தார்கள்; பிறகு அவர்களும் சேர்ந்து திட்டினார்கள். இராசமலருக்கு அது புதிதாய் இருந்தது. இவ்வளவு காலமும் இந்தக் கோபத்தை அவள் தன் பாட்டிலேயே சுமந்து திரிந்தாள். பத்துப் பேரோடு சேர்ந்து திட்டினால் அது இவ்வளவு லேசாகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மதகு கட்டி வீதி திறந்தபின் மீராசாகிபு வந்தார். அவள் சொல்லுமுன்னரே கதை அவருக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளால் இறங்காமலே, "தங்கச்சி, இப்ப கருவாடும் உப்பும் வேற வேறயாய் இருக்காமே!" என்றார். அன்றைக்கு அவரிடம் இராசமலர் கொழும்பு மகாநாட்டில் என்ன பேசினார்கள் என்பதை முழுதாய், ஒரு சொல் கூட்டாமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டியபடி கேட்டார். "இனி நான் சொல்றதைக் கேளுங்கோ, நானா" என்று அதற்குப் பிறகுதான் தன்னுடையதைத் தொடங்கினாள். அது கூடநேரம் பிடித்தது.

அதுவே பழக்கமாயிற்று. வயலால் திரும்புகிறவர்கள் வேலியடியில் நின்று, "மலரக்கா, இண்டைக்கு என்னவாம்?" என்று கேட்பார்கள். அவள் முதலில் வானொலி சொன்னதைச் சொல்வாள். கேட்டவர் இன்னும் நின்றால், அது சொல்லாமல் விட்டதையும் சொல்வாள். அரிசி விசயத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கூப்பன் அரிசி எடுப்பாள். ஆனால் தை பிறந்து புதுநெல் வீட்டுக்கு வந்தால், அது முடியும் மட்டும் சங்கக்கடைப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள். அந்த முடிவில் எல்லோரையும்விடச் சந்தோசப்பட்டவர் ஏரம்புதான். கிளிநொச்சியில் அவருக்கிருந்த வேலைகள் ஒரேயடியாய்க் குறைந்துபோயின.

அறுபத்தைந்தில் தேர்தல் வந்தது. வாக்குப் போடப் போகுமுன் வாய்க்கால் பெண்கள் ஆளுக்காள் வந்து அவளைக் கேட்டார்கள். யாருக்குப் போடுவது என்று அவள் சொல்லவில்லை. யார் யார் என்னென்ன சொன்னார்கள், போன முறை அவர்களே என்ன சொன்னார்கள், இவ்வளவையும்தான் சொன்னாள். கேட்டுவிட்டுப் போன பெண்கள் வழியெல்லாம் தர்க்கம் பண்ணிக்கொண்டு போனது அவளுக்குப் பிடித்திருந்தது.

புது அரசாங்கம் அமைந்த செய்தி வந்த மறுநாள் காலை, கமலாசனி வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

"அக்கா, இந்த முறை எங்கடை தமிழ் ஆக்களும் அரசாங்கத்தோடை சேர்ந்திருக்கினமாம். இனி எல்லாம் சரி வருமாமோ?"

இராசமலர் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். இரவு பெய்த மழையில் மண் பதமாய் இருந்தது.

"சேர்ந்திருக்கினம் எண்டு சொன்னவர். சரி வரும் எண்டு சொல்லேல்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நான் நினைக்கிறதைச் சொல்ல ஒரு பின்னேரம் வேணும். நீ வா, வரேக்கை தேங்காய் ஒண்டு கொண்டு வா. ரொட்டி சுடுவம்."

கமலாசனி சிரித்துக்கொண்டு போனாள். இராசமலர் அடுத்த கன்றுக்கு நகர்ந்து, அதன் அடியில் இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டி அணைத்தாள்.